சுத்தம் என்று நாங்கள் சொன்ன மீன்

மார்ச் 4, செவ்வாய்

எழுந்ததும் முதல் வேலையாக, உறைபெட்டியில் கிடந்த போக்கே டப்பாவை, பச்சை மீன் துண்டுகளில் மசாலா பிசறியது, பனிக்கட்டியில் புதைத்து மீன் சோதிக்கும் எங்கள் ஆய்வகத்துக்கு எடுத்துப்போனேன். சனிக்கிழமை வெண்டல் கமகாவின் கடையில் வாங்கியது. தின்ன நேரமில்லாமல் உறையவைத்திருந்தேன். அன்று அங்கே சூரை மீனைப் பச்சையாகத் தின்ற மூன்று பேர் மருத்துவமனையில். முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து.

ஹிஸ்டமின்தான், மீன் கெடும்போது ஊறும் விஷம். பத்து லட்சத்தில் 640 பங்கு. நாற்பதே அதிகம். அதே மீனை வெள்ளிக்கிழமை துறைமுக ஏலத்தில் நாங்கள் சோதித்தபோது 11. ஏலத்தில் சுத்தம், கடையில் விஷம். வெளியே சூட்டில் போட்டுவைத்திருப்பார். வேறென்ன?

மார்ச் 5, புதன்

வெண்டல் வந்தார், குளிர்பெட்டியின் வெப்பநிலைக் கணக்கேட்டோடு.

"ஐஸ்லயேதான்க்கா வெச்சிருந்தேன். நானும் அதத்தானே தின்னேன். மிளகு கடிச்சாப்ல நாக்கு சுர்ருன்னுச்சு. எதுக்கு இவ்ளோ காரம்னு வீட்ல திட்டு வேற."

ஏட்டில் வாரம் முழுக்க ஒரே பேனா, ஒரே சாய்வு. கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மொத்தமாக எழுதுவாராம், ஞாபகத்திலிருந்து. எல்லோரும் அப்படித்தானாம்.

இதில் பொய் சொல்பவர் எதில் சொல்லமாட்டார்?

மார்ச் 7, வெள்ளி

வெண்டலுக்கு வந்தது அந்த மீனின் தலைப்பாதி; வால்பாதி வைகீகி கடற்கரையில் ஒரு ஹோட்டலுக்குப் போயிருக்கிறது. எண்பது பேர் தின்றார்கள். ஒருவருக்கும் ஒன்றுமில்லை. அடுத்த வெள்ளி வெண்டல்மேல் விசாரணை. கடை உரிமம் போய்விடும்.

மார்ச் 10, திங்கள்

மனசு ஒப்பவில்லை. மொத்த வியாபாரியிடமிருந்து மீன் கடைக்கு வந்தது சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு. நான் வாங்கியது பத்துக்கு. இரண்டு மணி நேரத்தில் அறுநூறு ஏறாது — வெயிலில் வைத்தால்கூட. வியாபாரியிடம் கெட்டிருந்தால் ஹோட்டலிலும் யாராவது விழுந்திருப்பார்கள்.

அப்படியானால் எங்கள் 11 தப்பா? ஏலத்தில் மாதிரி எடுக்கும் என் உதவியாளர் ஜாஸ்லின் எதையாவது மாற்றிவிட்டாளா? அவள் சாப்பிடப் போனதும் அவளுடைய குறிப்பேட்டைப் புரட்டினேன். பாதியில் வந்து நின்றாள். குறிப்பேட்டை மூடி அவளிடமே நீட்டினேன்.

"கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே, அக்கா. நீங்க சொன்ன எடத்துலதான் எடுக்கறேன். வாங்கறவங்க பாக்கறதுக்கு வால்கிட்ட ஏற்கெனவே வெட்டி வெச்சிருப்பாங்கல்ல, அதுலயே. வேற எங்கயாச்சும் கத்தி வைக்க விடுவாங்களா நம்மள?"

விடமாட்டார்கள். அதனால்தான் அந்த இடம்.

மார்ச் 12, புதன்

அதே படகு, அதே நாள், வேறு சூரை. ஏலம் முடிந்ததுமே வியாபாரி உறையவைத்திருந்தார். ஏலத்தில் எங்கள் கணக்கு: 9.

செவுளிலிருந்து வால்வரை ஏழு இடத்தில் வெட்டினோம். ஜாஸ்லின் வாசித்தாள், நான் எழுதினேன். 580. 410. 260. 120. 45. 20. 9.

கடைசி எண்ணின் கீழ் கோடு போட்டேன்: அதுதான் வால்.

கிருமி செவுளிலும் குடலிலும்தான் குடியிருக்கும். முன்பக்கம்தான் முதலில் கெடும். எனக்குத் தெரியாததா? ஒன்பது வருஷத்துக்கு முன்னால், வாலில் மாதிரி எடுக்கும் அந்த விதியை எழுதியதே நான். வால் போதும் என்றால் மீனவர், வியாபாரி யாரும் தகராறு செய்யமாட்டார்கள். 'முன்பகுதியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்' என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். ஒப்பிட்டேனா? அதற்கென்று வைத்திருந்த சனிக்கிழமைகளில் டென்னிஸ் ஆடினேன்.

எத்தனை பேர் முகம் சிவந்து, தமக்கு மீன் ஒத்துக்கொள்ளாது என்று நினைத்துக்கொண்டு வாழ்கிறார்களோ.

மார்ச் 13, வியாழன்

ஆய்வக இயக்குநர் டெவஸ் என் அறைக்கே வந்துவிட்டார். கதவைச் சாத்திக்கொண்டார்.

"நாளைக்கு விசாரணைல அந்தப் பதினொன்ன மட்டும் சொல்லு, கெயில். அவங்க கேட்டது அதத்தானே? மத்தத நெதானமா கட்டுரையா எழுதிக்கலாம். அந்த ஆளு ஏட்டுல பொய் எழுதினவன்தானே."

சரி என்றேன். சரி என்று சொல்லத்தான் வாய் வந்தது. நாளை செய்யப்போவது வேறு.

வெண்டலின் ஏடு பொய்தான். அதையும் நாளை சொல்வேன். ஆனால் மீன் அவர் கைக்கு வரும்போதே கெட்டிருந்தது; அதற்கு முன்னால் நாங்கள் அதைச் சுத்தம் என்றோம். ஏழு எண்களையும் வரிசையாக வாசிக்கப்போகிறேன். வாலில் வெட்டச் சொன்னது யார் என்று அவர்கள் கேட்கும்வரை காத்திருக்கமாட்டேன்.