ஏப்பம் வந்துவிட்டது

அப்பா, இன்று நடந்ததையும் அன்று நடந்ததையும் கூட்டாமல் குறைக்காமல் உனக்கு எழுதப்போகிறேன். பள்ளியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே வீட்டுக்குள்ளிருந்து பன்னீர் சோடா வாசனை வந்தது. நீ போனபிறகு நம் வீட்டில் யாரும் அதை வாங்கியதில்லை. அம்மா நெஞ்சைப் பிடித்தபடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டு அத்தை அவள் முதுகை நீவிக்கொண்டிருந்தார். இருவரும் ஓர் ஏப்பத்துக்காகக் காத்திருந்தார்கள்.

அன்று உப்பளத்தில் நாங்களும் அப்படித்தான் காத்திருந்தோம். பரீட்சை விடுமுறை, உனக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்தேன். நீ வரப்பில் உட்கார்ந்து நெஞ்சுக்குழியைத் தடவிக்கொண்டிருந்தாய். தோளும் வலிக்கிறது என்றாய். உப்பு வாரும் பலகையை இழுக்கிற தோள் வலிக்காமல் என்ன செய்யும் என்றார் மேஸ்திரி. "கேஸ்தாம்மா. எல்லாம் வயிறு பண்ற வேலை" என்றாய் என்னிடம். யாரோ சைக்கிளில் போய் சோடா வாங்கிவந்தார்கள். குடித்ததும் பெரிய ஏப்பம் வந்தது. "ஏம்பா, உன் ஏப்பத்துல உப்பே பறந்துடும் போல" என்று மேஸ்திரி சொல்ல, எல்லோரும் சிரித்தோம். ஏப்பம் வந்தால் ஆபத்து போய்விட்டது என்பது நம் ஊரில் யாரும் மறுக்காத தீர்ப்பு. நீ எழுந்து மறுபடி பாத்தியில் இறங்கினாய். கையிலிருந்த பலகை முதலில் சாய்ந்தது. அதன்மேல் நீ.

வயிறு பண்ற வேலை என்ற உன் சொல் என்னை விடவில்லை. அதற்காகவே நூலகத்தில் அறிவியல் இதழ்களைத் தேடினேன். நாம் சாப்பிடும் முட்டையிலும் கறியிலும் உள்ள சில பொருள்களைக் குடலில் வாழும் பாக்டீரியாக்கள் வேறொன்றாக மாற்றுகின்றனவாம். கெட்டுப்போகும் மீனில் நாறுவதும் அதே பொருள்தான். கல்லீரல் அதை மேலும் மாற்றி இரத்தத்தில் விடுகிறது. அது அதிகமாக இருப்பவர்களுக்கு இதய நோயும் அதிகம் காணப்படுகிறது. அது காரணமா, வெறும் அடையாளமா என்று இன்னும் ஆராய்கிறார்கள். வயதாக ஆகக் குடலின் பாக்டீரியாக்களும் மாறுகின்றன. இரத்தக் குழாய்கள் இறுகி முதுமையடைவதில் அவற்றுக்கும் பங்கிருக்கலாம் என்று படித்தபோது உன் முகம் நினைவுக்கு வந்தது. நாற்பது வயதைத் தாண்டியிருந்த உனக்கு, பேருந்தில் ஒரு கல்லூரி மாணவி, "உக்காருங்க தாத்தா" என்று இடம் கொடுத்தாள். "பாவம், இந்த வயசுலயே கண்ணு போயிடுச்சி" என்று என் காதில் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாய். உன்னை முதியவனாக்கியது வெயில் மட்டும்தானா? உள்ளேயும் ஏதோ அவசரப்பட்டுக்கொண்டிருந்ததா? கடற்காற்றில் மீன் வாடை வரும்போதெல்லாம், கண்ணுக்குத் தெரியாத யாரோ எனக்குள்ளும் ஓயாமல் வேலை செய்வதுபோல் இருக்கிறது. நீ சொன்னது முழுக்கத் தவறில்லை அப்பா. ஆனால் உன் இதயத்தைப் பற்றி அந்த ஏப்பத்துக்கு ஒன்றும் தெரியாது.

இன்றும் அது வந்தது. அத்தை கையை எடுத்துக்கொண்டு, "பாத்தியா, அடைச்சிருந்தது போயிடுச்சி" என்றார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். அம்மா நாளைக்குப் பார்க்கலாம் என்றாள். படிக்கிற பிள்ளைக்கு எல்லாவற்றிலும் சந்தேகம் என்று அத்தை சிரித்தார்.

"அப்பாவுக்கும் ஏப்பம் வந்துச்சிம்மா" என்றேன்.

அத்தையின் சிரிப்பு நின்றது. அம்மா என்னையே பார்த்தாள். பிறகு எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள்.

நம் ஊர் ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தவுடன் ஆம்புலன்சில் ஏற்றிப் புதுச்சேரிக்கு அனுப்பிவிட்டார்கள். நாளைக் காலையில் இதயக் குழாயில் அடைப்பு எங்கே என்று பார்ப்பார்களாம். வழியில் அம்மா என் விரல்களைப் பிடித்துக்கொண்டு, "எனக்கும் உங்கப்பா மாதிரி ஆயிடுமாடி?" என்று கேட்டாள்.

"தெரியலம்மா. ஆனா நாம கெளம்பிட்டோம்" என்றேன். பொய் சொல்ல எனக்கு வரவில்லை.

ஊரே நிம்மதியடையும் ஒரு சத்தத்தைக் கேட்டு நான் மட்டும் பயப்படுகிறேன். நீ எனக்கு விட்டுப்போனது அந்தப் பயம். அது என்னிடமே இருக்கட்டும். அம்மா இப்போது தூங்குகிறாள். அவள் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தபடியே இதை எழுதிக்கொண்டிருந்தேன். வார்டில் விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.