பச்சை வாசனை

மார்ச் 3

அன்புள்ள இல்லாளுக்கு,

நலம். நீ கோபித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய் இருபது நாளாகிறது. நீ அரைத்து வைத்த தாய்லாந்துப் பச்சைக் குழம்பு விழுது நேற்றோடு தீர்ந்தது. டப்பாவைக்கூட அலசிக் குடித்துவிட்டேன். செய்முறை எழுதி அனுப்பு.

உன் கணவன்

மார்ச் 7

பிழைதிருத்துநர் ஐயாவுக்கு,

நீங்கள் தேடுவது விழுதையா, என்னையா? உங்கள் பிறந்தநாளுக்கு ஆசையாக எழுதிக் கொடுத்த வாழ்த்தை, சிவப்பு மையால் திருத்தி, “மூணு தப்பு, மூணும் ர, ற தகராறு”ன்னு திருப்பிக் கொடுத்தீர்களே! போகட்டும், வயிறு என்ன பாவம் செய்தது?

பச்சை மிளகாய் இருபது, எலுமிச்சைப்புல் இரண்டு தண்டு, சித்தறத்தை ஒரு துண்டு, வேரோடு கொத்தமல்லி, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம். உரலில் இடியுங்கள். மிக்ஸியில் போட்டால் எனக்குத் தெரிந்துவிடும். கெட்டித் தேங்காய்ப்பாலில் பச்சை வாசனை போகும்வரை வதக்குங்கள்.

ஒருமுறையாவது நான் எழுதியபடி செய்யுங்கள். அப்புறம் திரும்பி வருவதைப் பற்றி யோசிக்கிறேன்.

உங்கள் (இப்போதைக்கு) மனைவி

மார்ச் 11

அன்புள்ள இல்லாளுக்கு,

நான் இடித்த இடியில் கீழ் வீட்டுப் பல் டாக்டர் இரண்டு முறை மேலே வந்துவிட்டார். மிளகாய்க் கையால் கண்ணைத் தேய்த்து அரை நாள் அழுதேன்; அதில் பாதி உனக்காக. விழுது கிளிப்பச்சையாக வந்தது. ஆனால் வதக்க வதக்க, பச்சை போவேனா என்றது. முக்கால் மணி நேரம் கழித்துக் காப்பித்தூள் நிறமானது. ருசியைக் கேட்காதே. உன் செய்முறையில்தான் கோளாறு.

உன் கணவன்

பி.கு.: சித்தரத்தைக்குச் சின்ன ர.

மார்ச் 15

ஐயா,

பச்சை போகும்வரை வதக்க யார் சொன்னது? பச்சை வாசனை என்றல்லவா எழுதினேன்! கடிதத்தை எடுத்துப் பாருங்கள். உங்களை எனக்குத் தெரியாதா?

மனைவி

மார்ச் 18

அன்பே,

பார்த்தேன். ‘வாசனை’யை நானே அடித்திருக்கிறேன். ஓரத்தில் ‘மிகை’ என்று குறிப்பு வேறு. உன் வாழ்த்தையும் இப்படித்தான் பாழாக்கினேன். வெட்கமாக இருக்கிறது.

மறுபடி இடித்தேன். நீ எழுதியதில் ஓர் எழுத்தையும் தொடவில்லை. பச்சை வாசனை போனதும் இறக்கினேன். வீடே மணந்தது, சாப்பிடத்தான் மனம் வரவில்லை. பச்சையாகச் சொல்கிறேன், நீ இல்லாமல் முடியவில்லை.

உன் கணவன்

மார்ச் 22

என்னங்க,

ஞாயிறு காலை பத்து மணி வண்டியில் வறுகிறேன். விழுதை மிச்சம் வையுங்கள்.

உங்கள் மனைவி

மார்ச் 24

என் அன்பே,

கடிதத்தை நான்கு முறை படித்தேன். ஒரு பிழையும் இல்லை.

ஞாயிறு உன்னை வறவேற்க ஸ்டேஷனில் நிற்பேன்.

உன் கணவன்