இரண்டு பேருக்கு உருளைக்கிழங்கு சூப்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது,

நீ சுகமாக இருக்கிறாய் என்று உன் கடிதமே சொல்லிவிட்டது, அதனால் அதை நான் கேட்கவில்லை. எனக்கு மூச்சு வருகிறது போகிறது, மணிக்கட்டு வலி மழைக்குக் கூடும் வெயிலுக்குக் குறையும், முப்பது வருஷம் சலவைக்கூடத்தில் இஸ்திரி போட்ட கை, அது அப்படித்தான் இருக்கும், அதற்காக நீ மருந்து எதுவும் அனுப்ப வேண்டாம். உன் கடிதம் புதன்கிழமை வந்தது. நல்ல வேளை என் பேருக்கு எழுதியிருந்தாய், நல்ல வேளை உன் மனைவி அப்போது மருந்துக்கடையில் வேலையில் இருந்தாள். மூன்று தடவை படித்தேன். அங்கே ஒரு பெண்ணோடு உனக்குக் குடும்பம் ஆகி மூன்று வருஷமாகிறது, இனித் திரும்பி வருவதாக இல்லை, இதை இங்கே இருப்பவளிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள் அம்மா என்று எழுதியிருக்கிறாய். சின்ன வயதில் கண்ணாடியை உடைத்துவிட்டு மாடி வீட்டுக்காரரிடம் என்னைப் போய்ச் சொல்லச் சொன்னாயே, நான் போய்ச் சொன்னேனே, அந்தத் தப்பு இன்றைக்கு என் தலையில் வந்து விடிந்திருக்கிறது.

கடிதத்தை மாவு டப்பாவுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் அவள் முகத்தைப் பார்க்காமல் ஓட்டினேன். சாப்பிடுகிற வாயில் கெட்ட செய்தியைப் போடக்கூடாது, சனிக்கிழமை அந்த சூப்பைச் செய்து வயிறாரச் சாப்பிட வைத்துவிட்டுச் சொல்லலாம் என்று முடிவு செய்தேன். எந்த சூப் என்று உனக்குத் தெரியும், ஸ்வெட்டர் பார்சலோடு இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு தாள் அனுப்பினாயே, இத்தாலிக்காரர்கள் பாணியில் சாசேஜ் போட்ட உருளைக்கிழங்கு சூப், இரண்டு பேருக்கு என்று தலைப்பில் போட்டு, கடைசியில் நான் வந்ததும் சாப்பிட வேண்டும், இப்போதே செய்து பழகுங்கள் என்று. அன்றிலிருந்து சனிக்கிழமை தவறாமல் செய்கிறோம். முதல் தடவை சாசேஜைத் தோலோடு முழுசாகப் போட்டு வேகவைத்து அது வெடித்துச் சுவரெல்லாம் தெறித்தது, உன் மகன் வந்து இதைச் சாப்பிட்டால் அடுத்த வண்டிக்கே திரும்பிவிடுவான் என்றேன், அவள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். என் மகனை உன் மகன் என்று சொன்னேன் என்று அதற்கும் சேர்த்துச் சிரித்தாள். நீ அவளுக்கு மாத்திரை என்று பேர் வைத்தது சரிதான், ஆள் சின்னது, வாயில் போட்டால் கசக்கும், உள்ளே போனால் குணமாகும். இப்போது நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன், நீ கூப்பிட்டு எத்தனை நாள் ஆகிறது என்று நீயே எண்ணிப் பார்த்துக்கொள்.

சனிக்கிழமை கறிக்கடைக்குப் போனேன். காரம் போட்ட சாசேஜ் நாலு எடுத்து வைத்திருந்தார், வாரா வாரம் கேட்கிற மாதிரியே, என்னம்மா பையன் எப்போ வர்றாரு என்று கேட்டார், வருவான் என்று சொல்லிவிட்டு மீதிச் சில்லறையை வாங்காமலே வந்துவிட்டேன். வழக்கமாக உருளைக்கிழங்கு நறுக்குவதும் கீரையை நரம்பு எடுத்துக் கிழிப்பதும் என் வேலை, அடுப்புப் பக்கம் அவள்தான் நிற்பாள். அன்றைக்கு அவள் வருவதற்குள் முடிக்க வேண்டும் என்று நானே நின்றேன். சாசேஜின் தோலைக் கீறி உள்ளே இருக்கும் கறியைப் பிதுக்கி, சட்டியில் உதிர்த்து வறுத்தேன், சோம்பு வாசனை வந்தது, அதிலேயே வெங்காயமும் பூண்டும் போட்டு வதக்கினேன், எலும்பு வேகவைத்த தண்ணீரை ஊற்றிக் கிழங்கைப் போட்டேன், கிழங்கு வெந்ததும் கீரை. அதுவரை பழுதில்லை. கடைசியில் பாலாடையை அடுப்பை அணைத்த பிறகுதான் ஊற்ற வேண்டும். மனசு எங்கேயோ இருந்தது, இவளிடம் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே கொதிக்கிற சட்டியில் ஊற்றிவிட்டேன், எல்லாம் திரிந்து போய்விட்டது. அதை எடுத்துக் கொட்டவும் மனசு வரவில்லை, வேறு செய்ய சாசேஜும் இல்லை.

ஏழு மணிக்கு வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே வாசனை பிடித்துவிட்டாள், எனக்காகக் காத்திருக்கலையா அத்தை என்றாள். இரண்டு கிண்ணத்தில் ஊற்றி வைத்தேன். திரிந்ததைப் பார்த்தாள், முழுக் கிண்ணத்தையும் குடித்தாள், ரொட்டியால் அடியைத் துடைத்தும் சாப்பிட்டாள். நான் வாயைத் திறந்தேன், மருந்துக்கடையில் கூட்டமா என்று கேட்டேன். மறுபடி திறந்தேன், மழை வருமா என்று கேட்டேன். நான் எதையோ சொல்ல முடியாமல் தவிப்பது புரிந்துவிட்டது போல, அவள் எழுந்து போய் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்த அந்தத் தாளைப் பிய்த்துக்கொண்டு வந்தாள். கவிழ்த்துப் போட்டு, கையைக் கொடுங்க அத்தை, பின்பக்கம் தடவிப் பாருங்க என்றாள். தடவினேன். வழவழவென்று இருந்தது. இப்போ கீழே தடவுங்க என்று என் விரலைப் பிடித்துக் கடைசி வரிக்கு நகர்த்தினாள். அங்கே மட்டும் எழுத்தெல்லாம் புடைத்துக்கொண்டு கையில் இடறியது. நீ எழுதினால் அடுத்த மூன்று பக்கத்திலும் பள்ளம் விழும் என்று உன் வாத்தியார் என்னைக் கூப்பிட்டுச் சொன்னதும், பேனாவா அது உளியா என்று நான் உன்னைத் திட்டியதும் அந்த நிமிஷம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. எத்தனை ஆயிரம் துணியைத் தடவிச் சுருக்கம் பார்த்த கை இது, இரண்டு வருஷம் வீட்டிலேயே இருந்த ஒரு தாளைத் தடவிப் பார்க்கவில்லை.

நாள் பூரா டாக்டருங்க கையெழுத்தைத்தான் படிக்கிறேன் அத்தை, ஒருத்தர் எழுதினதுல இன்னொருத்தர் ஒரு வரி சேர்த்தா எனக்குத் தெரியாதா, வந்த அன்னைக்கே தெரிஞ்சது, இது ஒரு பொண்ணு நிதானமா உட்கார்ந்து எழுதினது, கடைசி வரி மட்டும்தான் அவர் என்றாள். ரெண்டு பேருக்குன்னு எழுதியிருக்கே, அது நம்ம ரெண்டு பேருக்கு இல்லைன்னும் தெரிஞ்சது என்றாள். அப்புறம் ஏன்டி இத்தனை வாரம் இதைச் செஞ்சே என்று கேட்டேன். முதல் கொஞ்ச நாள் அவளைவிட நல்லா செஞ்சு காட்டணும்னு வீம்பு என்றாள். அப்புறம் என்று கேட்டேன். அவள் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே, சனிக்கிழமைன்னா நீங்க காலையிலேயே கிழங்கைக் கழுவி வெச்சுட்டு, அவனுக்கு இப்படிப் பிடிக்கும் அப்படிப் பிடிக்கும்னு பேசிக்கிட்டே இருப்பீங்களே, அதை எப்படி நிறுத்தறதுன்னு தெரியலை என்றாள். மகனே, நான் மூன்று நாளாக அவளிடம் மறைத்ததற்கே செத்துச் செத்துப் பிழைத்தேன், அவள் இரண்டு வருஷமாக என்னிடம் மறைத்திருக்கிறாள். என் அழுகை அன்றைக்கு அடங்கவில்லை. அவள் அழவில்லை, என் முதுகைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மாசம் பிறந்ததும் மருந்துக்கடைக்கு மேலே இருக்கும் அறைக்குப் போகிறாளாம், முதலாளியிடம் எப்போதோ பேசி வைத்திருக்கிறாள். இங்கேயே இருடி என்றேன். எந்த முறையில இருக்கறது அத்தை என்று கேட்டாள். பெட்டியில் பாதி அடுக்கிவிட்டாள். நேற்று அவளுடைய தலையணை உறைக்கு இஸ்திரி போட்டேன், ஒரு உறைக்கு அரை மணி நேரம் ஆனது. சனிக்கிழமை வருவியா என்று கேட்டேன், பார்க்கலாம் அத்தை என்றாள். அவள் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை, ஆனாலும் கறிக்கடைக்காரரிடம் நாலு சாசேஜ் சொல்லி வைத்திருக்கிறேன். அங்கே வந்து எங்களோடு இருங்கள் என்றும் கடிதத்தில் கூப்பிட்டிருக்கிறாயே, அதற்கு என் பதில் இதுதான், நான் வரவில்லை. கோபத்தில் சொல்லவில்லை, சனிக்கிழமை யாராவது கதவைத் தட்டினால் திறக்க ஆள் வேண்டும்.

அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன், உடையவளிடம் கொடுத்துவிடு. எங்களுக்கு மனப்பாடம். அந்தப் பெண் மேல் கோபப்பட்டுப் பார்த்தேன், வரமாட்டேன் என்கிறது, சமையலை நன்றாகத்தான் எழுதியிருக்கிறாள், பாலாடையை எப்போது ஊற்ற வேண்டும் என்று இரண்டு இடத்தில் சொல்லியிருக்கிறாள். அவளும் நன்றாக இருக்கட்டும், நீயும் நன்றாக இரு, குளிருக்குக் காதை மூடிக்கொள், பெற்ற வயிறு வேறு எதைச் சொல்லும். ஒன்றே ஒன்று மட்டும் மறந்துவிடாதே. இவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். நீங்க சொல்லி நான் கேட்க வேண்டாம் அத்தை, அவர் கையால ஒரு வரி வந்தாப் போதும் என்றாள். போனில் வேண்டாம், வேறு யாரையும் எழுதச் சொல்ல வேண்டாம். நீயே உட்கார்ந்து எழுது, எப்போதும் போல அழுத்தி எழுது. அவள் பின்பக்கம் தடவிப் பார்ப்பாள்.

இப்படிக்கு,
உன் அம்மா