ஆறு உங்களுக்கு, ஆறு எனக்கு

அக்கா,

இன்று காலை பாத்திரம் துலக்கப் புதிதாக ஒரு சோப்புப் புட்டியைத் திறந்தேன். எலுமிச்சை வாசம். குழாயைத் திறந்து விட்டுவிட்டு அப்படியே நின்றேன். நம் சனிக்கிழமைகளின் வாசம் அது. துப்பாக்கிப் பயிற்சி ரேஞ்சில் சுட்டு முடித்ததும் கைப்பையிலிருந்து அதே சோப்பைச் சின்ன டப்பாவில் எடுத்து, எனக்கும் ஊற்றி, முழங்கை வரைக்கும் தேய்க்கச் சொல்வீர்கள். "வெடிமருந்து வாசம் போச்சான்னு மோந்து பாரு பிள்ள. உங்க அண்ணன் மூக்கு பொல்லாத மூக்கு." உங்களுக்கு நாற்பத்தாறு வயது, எனக்கு நாற்பது. திருட்டு மாங்காய் தின்ற பெண்களைப் போல ஒருவர் கையை ஒருவர் மோந்து பார்த்துக்கொண்டு நின்றோம்.

இரண்டு வீட்டிலும் வாக்கிங் போவதாகத்தான் சொல்லியிருந்தோம். நான் அண்ணன் என்று கூப்பிடும் உங்கள் வீட்டுக்காரருக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். உங்கள் பிறந்தநாளுக்கு நல்ல வாக்கிங் ஷூ வாங்கிக் கொடுத்தார். நீங்களும் வாராவாரம் அதைப் போட்டுக்கொண்டு வந்து, ஒரு மணி நேரம் நின்ற இடத்திலேயே நிற்பீர்கள்.

ஆபீஸ் டீம் அவுட்டிங் என்று நம்மை ரேஞ்சுக்குக் கூட்டிப்போனதில் ஆரம்பித்தது எல்லாம். நான் பயத்தில் கண்ணை மூடிச் சுட்டேன். நீங்கள் காது மூடியைக் கழற்றவே மாட்டேன் என்றீர்கள். "இதை மாட்டிக்கிட்டா யாருமே கூப்பிட மாட்டேங்குதாங்க பிள்ள, பாத்தியா?" வாடகைத் துப்பாக்கியில் நாலைந்து மாதம் ஓட்டியபின், சொந்தமாக ஒன்று வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தீர்கள்.

டல்லாஸுக்கு வெளியே அந்தக் கடைக்காரர் நம் இரண்டு சுடிதாரையும் பார்த்துவிட்டு, பாதுகாப்புக்கா மேடம் என்று கேட்டு, பிங்க் பிடி போட்ட ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். "நோ சார், ஃபார் ஃபன்" என்றீர்கள். கடையிலேயே விலை குறைந்த ரிவால்வரைக் கை காட்டினீர்கள். மரப்பிடி, சின்னத் தோட்டா, பழைய கௌபாய் படத்தில் வருகிற மாதிரி உருவம். ஆறு தோட்டாவையும் ஒவ்வொன்றாகப் போட வேண்டும், சுட்டபின் வெறும் கூட்டையும் ஒவ்வொன்றாகத் தள்ளி எடுக்க வேண்டும். இத்தனை மெதுவான சாமான் எதற்கு அக்கா என்று கேட்டேன். "ஆபீஸ்ல எதையாவது ஒண்ணு முடிச்சு ஒண்ணு செய்ய விடுதாங்களா? இதுலயாவது செஞ்சுக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு கிரீன் கார்டையும் லைசென்ஸையும் நீட்டினீர்கள்.

அன்றைக்கு வைத்துக்கொண்ட முறைதான் பிறகும். ஆறு உங்களுக்கு, ஆறு எனக்கு. ஒருவர் சுடும்போது மற்றவர் ஒரு அடி பின்னால் நிற்பது. ஒருநாள் உங்கள் ஆறும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் விழுந்தன. குறி பார்த்துச் சுட்ட அட்டையைக் கையில் வாங்கியதும் குதித்தீர்களே, "ஒரு பூரிக்குள்ள ஆறு! ஒரு பூரிக்குள்ள ஆறு!" என்று. பக்கத்துத் தடத்தில் சுட்டுக்கொண்டிருந்த வெள்ளைக்காரத் தாத்தா கைதட்டினார். துப்பாக்கி வைக்கிற பூட்டுப் பெட்டிக்குள் அடங்காது, வீட்டுக்குக் கொண்டுபோக முடியாதே என்று அந்த அட்டையை என்னிடம் கொடுத்துவிட்டீர்கள்.

அண்ணனிடம் சொல்லிவிடலாம் அக்கா என்று நான் எத்தனை முறை சொன்னேன். பள்ளிக்கூடத்தில் துப்பாக்கிச் சூடு என்று செய்தி வந்தாலே டிவியை அணைத்துவிட்டு ஜெபத்துக்கு உட்காருகிற மனுஷன் அவர். "கிறிஸ்துமஸ் கழியட்டும், சொல்லிக்கிடுவேன். நீ வாயைத் திறக்கப்படாது" என்று என் தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கினீர்கள். ஆகஸ்டில், மீட்டிங் நடுவில், தலை வலிக்கிறது என்று எழுந்து போனீர்கள். மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள். மறுநாள் நீங்கள் இல்லை.

டிசம்பரில் அண்ணன் போன் செய்தார். கிறிஸ்துமஸ் குடில் பொம்மைப் பெட்டியை இறக்கினாராம். அடியில் பூட்டின இரும்புப் பெட்டி. உங்கள் சாவிக்கொத்தில் சாவி இருந்திருக்கிறது, திறந்தால் உள்ளே ரிவால்வர். "உனக்கு ஏதாவது தெரியுமாம்மா?" என்றார். தெரியாதுண்ணா என்றேன். சத்தியத்தைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சுத்தப் பொய். அவர் என்னைத் திட்டுவாரே என்ற பயம்தான் அக்கா.

பத்து நாள் கழித்து மறுபடி கூப்பிட்டார். குரலே அவருடையதாக இல்லை. "அவ ஷூவை எடுத்துப் பாத்தேம்மா. அடி தேயவே இல்லை. வாக்கிங்கும் போகலை, துப்பாக்கியும் வாங்கியிருக்கா. யாருக்கும்மா பயந்தா? எனக்கா? நான் கத்துவேன், ஒத்துக்கிடுதேன். ஒருநாளும் கை ஓங்கினதில்லையே."

இருபது வருஷம் உங்களோடு வாழ்ந்த மனுஷனை அந்தக் கேள்வியோடு பத்து நாள் விட்டுவைத்தேன். அதற்கு என்னை நான் மன்னிக்கப்போவதில்லை. அட்டையை எடுத்துக்கொண்டு அப்போதே கிளம்பினேன்.

குடில் பாதியில் நின்றது. மாதாவும் சூசையப்பரும் செய்தித்தாளில் சுற்றியபடியே கிடந்தார்கள். "பயந்து வாங்கலைங்கண்ணா. விளையாடறதுக்கு வாங்குனாங்க" என்று ஆரம்பித்து, எல்லாவற்றையும் சொன்னேன். தோட்டாக்கள் என் வீட்டில்தான் இருக்கின்றன என்பதையும், கிறிஸ்துமஸ் கழிந்து நீங்களே அவரிடம் சொல்வதாக இருந்ததையும்கூட. அவர் அட்டையை மடியில் வைத்து ஆறு ஓட்டையையும் விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"இதைச் சுட்டப்போ சிரிச்சாளா?"

"குதிச்சாங்கண்ணா."

அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு, "சொல்லியிருந்தா நான் விட்டிருக்க மாட்டேன். அவளுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார். அதைச் சொல்லிவிட்டுத்தான் அழுதார். நானும் அழுதேன். அட்டையை அவர் வைத்துக்கொண்டார். ரிவால்வர் வீட்டில் வேண்டாம் என்று என்னிடம் கொடுத்தார். வாசல் வரைக்கும் வந்து, "நீ போறதை நிப்பாட்டிராத" என்றார். அன்று சாயங்காலம் குடில் கட்டி முடித்ததாக மெசேஜ் வந்தது.

போகிறேன் அக்கா, இன்றும் போனேன். இப்போதெல்லாம் என் வீட்டில் சொல்லிவிட்டே போகிறேன். ஒவ்வொன்றாக ஆறு போட்டுச் சுடுகிறேன், ஒவ்வொன்றாகக் கூட்டைத் தள்ளி எடுக்கிறேன். ரிவால்வரை மேசையில் வைக்கிறேன். வைத்த கையோடு கால் தானாக ஒரு அடி பின்னால் போய்விடுகிறது. அங்கேயே நிற்கிறேன். அடுத்த ஆறு உங்களுடையது.