மோட்ச தீபத்தில் என் பெயர்

மட்டாஞ்சேரி, கொச்சி
19 ஜூலை 2004

மதிப்பிற்குரிய திரிபுரசுந்தரி மாமிக்கு,

காமாக்ஷி அநேக நமஸ்காரம். டொராண்டோவில் தாங்கள் சௌக்கியமாக இருக்கப் பிரார்த்திக்கிறேன். இங்கே கர்க்கடக மழை விடாமல் கொட்டுகிறது. நான் பள்ளியில் படித்தது மலையாளம். தமிழில் தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பெயரைப் பார்த்ததும் திடுக்கிட்டிருப்பீர்கள். பயப்படாதீர்கள். உங்களுக்குக் கடுமாங்காய் ஊறுகாயும் புளிக்காய்ச்சலும் அனுப்பும் வெங்கிட்டுவின் மனைவி காமாக்ஷிதான் எழுதுகிறேன். நான் சாகவில்லை, மாமி. உயிரோடு இருக்கிறேன் என்று சொல்வதற்கு இவ்வளவு வெட்கப்பட வேண்டிவரும் என்று நான் நினைத்ததே இல்லை.

என் கணவர் இங்கே ஒரு மிளகுக் கம்பெனியில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். கம்பெனியை மூடிவிட்டார்கள். அதன் பிறகு, இன்டர்நெட்டில் வியாபாரம் செய்து பெரிய ஆளான அமெரிக்காக்காரர்கள் நடத்தும் பாடங்களைக் காசு கட்டி வாங்கிப் படித்தார். பொருளை விற்காதே, கதையை விற்றுவிடு என்பது முதல் பாடமாம். ஒரு தடவை வாங்கினவரை விடாதே, கடிதம் போட்டுக்கொண்டே இரு என்பது இன்னொன்று. பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி அதையெல்லாம் என்னிடம் ஒப்பிப்பார். மனுஷன் மறுபடி சிரிக்கிறாரே என்று நானும் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

விளம்பரத்தை இரண்டு விதமாகப் போட்டுப் பார், எது அதிகம் விற்கிறதோ அதை வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப் போடு என்றும் ஒரு பாடம் உண்டு. என் ஊறுகாயை இன்டர்நெட்டில் விற்க ஆரம்பித்தபோது அவர் அப்படியே செய்தார். ஒரு பக்கத்தில் என் போட்டோவைப் போட்டு, இது என் மனைவி காமாக்ஷியின் கைப்பக்குவம் என்று எழுதினார். இன்னொரு பக்கத்தில் அதே போட்டோ. மறைந்த என் மனைவி காமாக்ஷி சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன பக்குவம் என்று எழுதினார். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அது தெரியும், பாதிப் பேருக்கு இது. உயிரோடு இருந்த காமாக்ஷி தோற்றுப்போனாள். செத்தவள் ஜாடி ஜாடியாக விற்றாள்.

விஷு கழிந்துதான் எனக்கு விஷயம் தெரிந்தது. சண்டை போட்டேன். விளம்பரத்தில் யார் நிஜம் சொல்கிறார்கள் என்று கேட்டார். இரண்டு நாள் ஊறுகாய் ஜாடியைத் தொடவில்லை. பிறகு ஆர்டர் வந்தது, அடுப்பைப் பற்ற வைத்தேன். என்னை மட்டும் நல்லவளாக நினைத்துவிடாதீர்கள். நானே கிண்டி, நானே ஜாடியில் அடைத்து, 'காமாக்ஷியின் நினைவாக' என்ற லேபிளையும் என் கையாலேயே ஒட்டினேன்.

இதைவிட வெட்கக்கேடு ஒன்று பாக்கி இருக்கிறது. காலையில் காப்பி கலக்கும்போது கை தானாக இரண்டு டம்ளரை எடுக்கிறது என்று அவர் கடிதத்தில் எழுதியதைப் படித்துவிட்டு, எனக்கும் அப்படித்தான் என்று பக்கம் பக்கமாகப் பதில் எழுதியிருந்தீர்கள். மாமா போன பிறகு சொந்தப் பிள்ளைகளிடம்கூடச் சொல்லாததை எல்லாம் எழுதியிருந்தீர்கள். அவருடைய அந்தக் கடிதம் உங்களுக்கென்று எழுதியது இல்லை, மாமி. ஊறுகாய் வாங்குகிற எல்லோருக்கும் பெயரை மட்டும் மாற்றிக் கம்ப்யூட்டர் தானாக அனுப்புவது. அந்த இரண்டாவது டம்ளர் காப்பியைத் தினமும் குடிக்கிறவள் நான்.

உங்கள் பதில்களை அவர் திறக்கவே இல்லை. பார்சலுக்கு விலாசம் எடுக்கப் போன நான்தான் திறந்தேன். இங்கிலீஷ் எழுத்தில் நீங்கள் எழுதிய தமிழை எழுத்துக் கூட்டிப் படித்தேன். அமாவாசைக்கு அமாவாசை கோவிலில் மாமாவுக்கு மோட்ச தீபம் ஏற்றும்போது என் பெயரையும் சேர்த்துச் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். சுமங்கலியாகப் போன புண்ணியவதி என்று என்னைச் சொல்லியிருந்தீர்கள்.

ஆவணியில் கொச்சிக்கு வந்து என் படத்துக்கு மாலை போட வேண்டும் என்று நீங்கள் எழுதியதை அவரிடம் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "நீ ரெண்டு நாள் திருப்பூணித்துறைல உங்கண்ணா ஆத்துல இருந்துட்டு வா. மாமி மாலை போட்டுட்டுப் போயிடுவா" என்றார். என் போட்டோவைப் பெரிதாக்கி ஃப்ரேம் போடவும் கொடுத்துவிட்டிருந்தார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை. "நான் எங்கயும் போக மாட்டேன். மாமி வந்தா நான்தான் கதவைத் திறப்பேன்" என்றேன்.

அவர் குடையைக்கூட எடுக்காமல் வெளியே போனார். போர்ட் கொச்சி படகுத்துறை வரை நடந்திருக்கிறார். தொப்பலாக நனைந்து திரும்பினவர், தலையைக்கூடத் துவட்டாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து 'மறைந்த என் மனைவி' என்று போட்ட அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டார். மறுநாள் இந்த ஏர்மெயில் உறையை வாங்கி வந்து என் பக்கத்தில் வைத்ததும் அவர்தான். நீங்களும் எழுதுங்கள் என்று அவரிடம் சொன்னேன். பேனாவை எடுத்தார், வைத்துவிட்டார். அவர் கெட்டவர் இல்லை என்று எழுத எனக்கு ஆசை. ஆனால் அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

எங்களைத் திட்ட வேண்டுமென்றால் நேரில் வந்து திட்டுங்கள். வராமல் இருந்துவிடாதீர்கள். வந்தால் காப்பி நான் கலந்து தருகிறேன். மாமாவைப் பற்றி எழுதினதை எல்லாம் மறுபடி சொல்லுங்கள். இந்த முறை கேட்பதற்கு ஆள் இருக்கிறது.

பெரியவர்களை நமஸ்காரம் பண்ணினால் சுமங்கலிக்கு என்ன ஆசீர்வாதம் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். அதை உங்களிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த அமாவாசைக்குத் தீபம் ஏற்றும்போது என் பெயரைச் சொல்லாதீர்கள். அது மாமா ஒருவருக்காகவே எரியட்டும்.

தங்கள் பாதம் தொட்டு,
காமாக்ஷி