மூட்டையை எடை போட்டவள்

அன்புள்ள மகனுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் பழையபடிதான். நீயும் மருமகளும் அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன்.

நீ பாரு பாருன்னு சொன்ன படத்தை ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டோம். குப்பை பொறுக்கும் மூன்று பிள்ளைகளின் கையில் அமைச்சர் ஒருவரின் திருட்டுக்கு ஆதாரம் சிக்குகிறது, அப்புறம் ஒரே துரத்தல். அப்பா பாதியில் தூங்கியவர் துப்பாக்கிச் சத்தத்துக்குக்கூட எழவில்லை. எனக்குப் பிடித்தது. ஆனால் நனைந்த பேப்பர் மூட்டையை அந்தப் பெண்பிள்ளை ஒற்றைக் கையால் தூக்குகிறாள் பார், அங்கே சிரித்துவிட்டேன், படம் எடுத்தவன் ஒருநாள் நம் பழைய பேப்பர் கடைக்கு வந்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்தும் நம் பழைய கிடங்குதான் கண்ணில் நின்றது. தகரக் கூரை, ஈரக் காகித வாசனை, லீவு நாளில் நீயும், பேப்பர் பிரிக்க வந்த அக்காவின் மகள் குருவியும், அவள் அண்ணனும் மூட்டை மேல் ஏறி உட்கார்ந்து, கடைசிப் பக்கம் கிழிந்த கதைகளுக்கு நீங்களாகவே முடிவு சொல்லிச் சண்டை போடுவீர்கள். அந்தச் சத்தம் இப்போது கடையில் இல்லை. அப்படி ஒரு லீவு நாளில் உங்களிடம்தான் ஒரு புத்தக மூட்டையைக் கொடுத்து அட்டைகளைக் கிழிக்கச் சொன்னேன். மூன்றைக் கிழித்ததும் நிறுத்திவிட்டீர்கள். உங்கள் வகுப்பில் நாலு பேருக்கு ஒன்று என்று பங்கு போட்டுப் படித்த அதே பாடப் புத்தகம். மறுநாள் காலையில் மூட்டை காலி, பள்ளியில் ஒவ்வொரு பெஞ்சிலும் புத்தகம். பிள்ளைகளுக்குச் சும்மா கொடுக்க வந்ததை எடைக்குப் போட்ட தலைமை ஆசிரியர் அங்கே வாயைத் திறக்க முடியுமா. நேராகக் கடைக்கு வந்து மூட்டை எங்கேம்மான்னு கேட்டார், எலி இழுத்துக்கிட்டுப் போயிடுச்சு சார்னு சொன்னேன், ரெண்டு கால் எலியான்னு முறைத்துவிட்டுப் போனார். அந்த ஆளு உன்னையும் ஏமாத்திட்டான், ஆனாலும் நீ எங்களைக் காட்டிக்குடுக்கலையேம்மான்னு நீ இன்னமும் சொல்கிறாய். மருமகளிடமும் சொன்னாயாமே, அவள் போனில் என்னை அப்படிப் புகழ்ந்தாள்.

படத்தில் பழைய பேப்பர் கடைக்காரி ஒருத்தி வருகிறாள், கவனித்தாயா. ஆதாரம் இருக்கிற மூட்டையை எடை போட்டு வாங்குகிறாள், அப்புறம் ஆளையே காணோம். அமைச்சர் மாட்டுகிறார், போலீஸ்காரன் மாட்டுகிறான், அவளை மட்டும் ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு நாளாக அதுதான் உறுத்துகிறது. கேள் கண்ணு, தலைமை ஆசிரியர் நம் கடையில் போட்ட அந்த மூட்டையில் அச்சகத்தில் போட்ட கட்டுக்கூடப் பிரிக்கவில்லை. என்ன புத்தகம் என்று தெரிந்துதான் வாங்கினேன், தெரிந்ததால்தான் அடையாளம் போகட்டும் என்று அட்டையைக் கிழிக்கச் சொன்னேன். எலி என்று சொன்னதில் பாதி உங்களுக்காக, பாதி எனக்காக. அம்மாவுக்குத் தெரியாது என்று அந்தக் கிழிந்த கதைகள் மாதிரி நீயே ஒரு முடிவு வைத்துக்கொண்டாய், நானும் விட்டுவிட்டேன், முப்பது வருஷம் ஓடிவிட்டது.

மருமகளிடம் உள்ளதைச் சொல்லிவிடு. கோபம் வந்தால் திட்டு, பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. குளிரில் காதை மூடிக்கொண்டு போ. இரண்டு பேரும் மனம் ஒத்து நீண்ட நாள் நன்றாக இருங்கள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாய்தானே, அன்றைக்குக் கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு வந்து போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
மூட்டையை எடை போட்ட உன் அம்மா