மாரியூர் மிக்கேலுக்கு ஏற்றிய மெழுகுவர்த்தி

உன் கணவனிடமிருந்து தகவல் வராத ஆண்டுகளில் உன்னைத் தாங்கிப் பிடித்தவள் நான்தான் என்று தங்கச்சிமடத்தில் இன்றும் சொல்கிறார்கள். உன் அடக்கப் பூசையில் சாமியாரே அதைச் சொன்னார். அது தவறு. அன்று நான் மறுக்காமல் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

இன்று காலை, சாமியாருக்கு உதவியாகக் கோயில் வேலை பார்க்கும் கோயில்பிள்ளை ஒரு தாளோடு வந்தார். வடக்கே நிலக்கரிக் குழியில் வெள்ளம் புகுந்து இறந்தவர்களுக்கு நம் கல்லறைத் தோட்டத்தில் கல் வைக்கப்போகிறார்களாம். பெயர்களை நான் சரிபார்க்க வேண்டுமாம். "நீங்க பாத்துட்டா அப்புறம் அப்பீலே இல்லம்மா" என்றார். தாளில் நான்கு பெயர்கள். மூன்று நம் ஊரார். நான்காவது, மாரியூர் மிக்கேல். பேனாவைத் திறந்தேன். மை நிப்பிலேயே காய்ந்தது.

மீன்பாடு பொய்த்த அந்த வருடம் ஆள் பிடிக்க வந்த கங்காணி நம் ஊரில் மூன்று பேரையும் மாரியூரில் மிக்கேல் என்ற ஒருவனையும் பதிந்திருந்தான். அந்த மிக்கேல் கடைசி நேரத்தில் யாருக்கும் சொல்லாமல் சிலோனுக்குத் தோணி ஏறிவிட்டான். அவன் இடத்தில் போக உன் சந்தியாகு துடித்தான். ஒப்பந்தத் தாளை நிரப்ப என்னிடம் வந்தான்.

"அக்கா, மிக்கேல்னே எழுதிருங்க. ஆளு மாறுனது தெரிஞ்சா சேத்துக்க மாட்டான்."

"பொய் எழுதவாடா என்னைய கான்வெண்டுல படிக்க வச்சாக?"

"பொய்யி கம்பெனிக்குத்தானக்கா, கர்த்தருக்கா? அவகிட்ட மட்டும் சொல்லிராதீக. அடுத்தவன் பேர்ல போறது ஆகாதுன்னு அழுவா."

எழுதிக் கொடுத்தேன். அவனும் சொந்தப் பெயரில்தான் போனான் என்று நீயும் ஊரும் நம்பினீர்கள்.

அங்கிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது. யாரையோ கொண்டு எழுதி என் முகவரிக்கு அனுப்பியிருந்தான். நான் வாசித்தேன், நீ மீன் அரிந்துகொண்டே கேட்டாய். சின்ன ஊராம். தெரு கறுப்பு, சோற்றிலும் கரி. முதல்நாள் குழிக்குள் இறங்கும்போது நம் ஆட்கள் நாலு பேரும் கடலில் முங்குவதுபோல மூச்சை அடக்கிக்கொண்டார்களாம். மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். "கூறுகெட்ட மனுசா, மூச்ச விடுய்யா" என்று நீ அந்தத் தாளைப் பார்த்துச் சொன்னாய்.

மூன்று மாதம் கழித்து, குழியில் இறந்தவர்களின் பெயர்களோடு கம்பெனியின் காகிதம் வந்தது. சாமியார் ஊரில் இல்லை. கோயில் வாசலில் என்னை வாசிக்கச் சொன்னார்கள். மூன்று பெயர்களுக்கும் மூன்று வீட்டார் அலறினார்கள். நான்காவதை வாசித்தேன்.

"அது மாரியூர்க்காரன். ஒம் மாப்பிள்ளை தப்பிச்சிட்டான், புள்ள!" என்று யாரோ கத்தினார்கள். நீ என் கையை இழுத்து முத்தமிட்டாய்.

அந்த இடத்தில் ஒரு வாக்கியம் போதும். நான் சொல்லவில்லை. என் எழுத்துக்கு ஊரில் ஒரு மதிப்பு இருந்தது, அது போய்விடுமே என்று பயந்தேன். நாளை உன்னிடம் தனியாகச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே நினைத்தேன்.

பிறகு நீ சொல்லச் சொல்ல அவனுக்குக் கடிதம் எழுதினேன். மகளுக்குப் பல் விழுந்தது, கூரை மாற்றியது, கரைவலையில் சூடை மீன் பட்டது. பதினோரு கடிதங்கள். ஒன்றையும் தபாலில் போடவில்லை. "வடக்க ஒருத்தியச் சேத்துக்கிட்டான்" என்று கிணற்றடியில் பேசினார்கள். உன் மகளை 'ஓடிப்போனவன் மக' என்றார்கள். அப்படிப் பேசியவர்களை நான் அதட்டினேன். தாங்கிப் பிடித்தேன் என்று ஊர் சொல்வது அதைத்தான்.

பாவசங்கீர்த்தனத்தில் ஒருமுறை சொன்னேன். "முதலில் அவளிடம் சொல்லிவிட்டு வாருங்கள்" என்றார் சாமியார். அடுத்த மாதத்திலிருந்து பாவசங்கீர்த்தனத்துக்குப் பாம்பன் கோயிலுக்குப் போனேன். அங்கே இதைச் சொல்லவே இல்லை.

கல்லறைத் திருநாளில், உடல் வந்து சேராதவர்களுக்குப் பெரிய சிலுவையின் அடியில் மெழுகுவர்த்தி வைப்பது நம் வழக்கம். மூன்று வீட்டாரும் வைத்தார்கள். நீயும் ஒன்று கொண்டுவந்தாய்.

"யாருக்குடி?" என்றேன்.

"அந்த மாரியூராருக்குக்கா. இங்கன அவருக்கு யாரு இருக்கா? எம் புருசன் தப்பிச்ச எடத்துல அவரு மாட்டிக்கிட்டாரே, பாவம்."

வருடம் தவறாமல் வைத்தாய். கடல்காற்றில் அணைந்துவிடாமல் முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பாய். உன் கணவனுக்குத்தான் ஏற்றுகிறாய் என்பது அங்கே எனக்கு மட்டும் தெரியும். உன் பக்கத்தில் நின்று நானும் செபம் சொன்னேன். இந்தத் தவக்காலத்தில் உன்னைப் புதைத்தபோதும் உன் கழுத்தில் தாலி இருந்தது.

நான்காவது பெயரை இன்று அடித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் எல்லாரிடமும் காரணத்தைச் சொல்வேன். அதன்பின் என்னை என்ன பேசுவார்கள் என்று இதை எழுதும்போதும் மனம் யோசிக்கிறது. நீ போய்விட்டாய், இந்தத் திமிர் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

ஊருக்குத் தெரிவதற்கு முன் உன் மகளுக்குத் தெரிய வேண்டும். இந்த மடலையும் பதினோரு கடிதங்களையும் மண்டபம் ஊரில் உள்ள அவள் வீட்டுக்குப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

மகளே, உன் அய்யா ஓடிப்போகவில்லை. மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அவர் பெயரை அந்தத் தாளில் எழுத எனக்கு உரிமை இல்லை, அது உன்னுடையது. கல்லில் அது எப்படி இருக்க வேண்டும் என்று உன் கையால் எழுதி, சனிக்கிழமைக்குள் எனக்குப் பதில் அனுப்பு.